பொம்மைக்குத் தோல் கிழியாது

1911ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்கு ஆளுயரப் பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது. செய்து கொடுத்தவர் மார்த்தா ஜென்கின்ஸ் சேஸ். ரோட் ஐலண்டில் குழந்தைகளுக்குத் துணிப்பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்தவர். அந்தப் பொம்மைக்குக் கை கால் மடங்கும். புரட்டிப் படுக்க வைக்கலாம், உடுத்தலாம், குளிப்பாட்டலாம். சில ஆண்டுகளில் ஊசி போட்டுப் பழகக் கையில் ஓர் இடமும், டியூப் போட்டுப் பழக வயிற்றுக்குள் ஒரு தொட்டியும் சேர்ந்தன. மாணவிகள் அதை மிஸஸ் சேஸ் என்று மரியாதையாகவே அழைத்தார்கள். நம் ஊர் செவிலியர் கல்லூரிகளின் பயிற்சிக்கூடத்தில் இன்று படுத்திருக்கும் ரப்பர் பொம்மைகளுக்கு அந்த அம்மாள்தான் கொள்ளுப்பாட்டி.

பொம்மையில் பழகுவது நல்லதுதான். உயிருள்ள ஒருவர் மேல் முதன்முதலாகக் கை வைப்பதற்கு முன் கை நடுக்கம் தெளிய வேண்டாமா? ஆனால் பொம்மைக்குத் தோல் கிழியாது. வெட்கம் கிடையாது. ‘வேணாம், விடு’ என்று கையைத் தட்டிவிடாது. படுக்கையிலேயே சிறுநீர் போய், விடியும்வரை அந்த ஈரத்திலேயே கிடக்காது. முதியவரை அவர் வீட்டிலேயே சுத்தமாக வைத்துக்கொள்ளும் வேலைக்குச் செவிலியரைப் பழக்குவதென்றால், பாதிப் பாடம் புதிதாகக் கற்பது; மறுபாதி, கூடத்திலும் வார்டிலும் கைக்குப் பழகிப்போனவற்றைக் கைவிடுவது. இரண்டாவதுதான் கடினம்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் அவசரமானது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணிப்புப்படி 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள்; பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். அதே 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதே திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி வீட்டுக்கே போகிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போகிற இடத்தில் கைப்பிடி சுற்றி உயரத்தைக் கூட்டும் கட்டில் இல்லை. கயிற்றுக் கட்டில் இருக்கும், அல்லது தரையில் பாய். குழாய் முற்றத்தில். கழிப்பறை கொல்லையில்.

முதலில் தோலைப் பார்ப்போம். உடலின் ஆகப் பெரிய உறுப்பு அதுதான், முதுமையில் ஆகக் குறைவாக மதிக்கப்படுவதும் அதுதான்.

நம்மை உலகத்திலிருந்து பிரித்து வைத்திருப்பது தோலின் மேலுள்ள மெல்லிய கொம்படுக்கு. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான் அதன் தடிமன். செத்துத் தட்டையான செல்கள் செங்கல்போல அடுக்கியிருக்க, இடையிடையே கொழுப்புப் பொருட்கள் சுண்ணாம்புச் சாந்தாகப் பூசியிருக்கும். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமலும் வெளியிலிருக்கும் கிருமி உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர். இதன் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. 1928இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரு ஜெர்மானியர்கள் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயர் வைத்தார்கள். பி.எச். அளவில் சொன்னால் பெரும்பாலும் 5ஐ ஒட்டி இருக்கும். அந்த அமிலத்தில்தான் சாந்தைத் தயாரிக்கும் நொதிகள் சரியாக வேலை செய்யும். நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

கட்டிச் சோப்பின் பி.எச். 9, 10. தேய்த்ததும் தோல் காரத்தின் பக்கம் போகிறது. இளம்தோல் சில மணி நேரத்தில் மீண்டுவிடும். எழுபது எண்பது வயதுத் தோலில் சாந்து ஏற்கெனவே மெலிந்திருக்கும், எண்ணெய்ச் சுரப்பு வற்றியிருக்கும். பழைய நிலைக்குத் திரும்ப நெடுநேரம் ஆகும். திரும்புவதற்குள் அடுத்த குளியல். இதன் விளைவுதான் முதியவர்களின் காலில் காணும் மீன்செதில் வறட்சி, இரவெல்லாம் தூங்கவிடாத அரிப்பு, சொறிந்த நகத்தடத்தில் உண்டாகும் புண். வீட்டார் செய்வதென்ன? அரிக்கிறது என்றால் அழுக்கு என்று எண்ணி இன்னும் நன்றாகத் தேய்ப்பார்கள். வெந்நீரில் கிருமிநாசினித் திரவத்தை ஒரு மூடி ஊற்றுவார்கள். அடுத்து டால்கம் பவுடர். மூன்றும் சேர்ந்து சுவரைப் பெயர்த்துவிடும்.

இங்கே செவிலியர் சொல்ல வேண்டியது கேட்கச் சங்கடமானது: தினமும் தலைமுதல் கால்வரை சோப்புப் போடாதீர்கள். முகம், கை, அக்குள், தொடையிடுக்கு, பின்புறம், பாதம், பெண்களுக்கு மார்பின் அடி மடிப்பு ஆகியவற்றைத் தினமும் கழுவினால் போதும். முழுக்குளியல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வெதுவெதுப்பான தண்ணீரில். காரம் குறைந்த சோப்போ கழுவும் திரவமோ, அதுவும் தேவைப்பட்ட இடத்துக்கு மட்டும். தேய்த்துத் துவட்டாமல் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் முழுக்க உலர்வதற்குள் எண்ணெயோ களிம்போ தடவ வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 14 முதியோர் இல்லங்களில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கை கால்களில் நாளுக்கு இருமுறை ஈரப்பசைக் களிம்பு தடவியதாலேயே தோல் கிழிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் அந்த வேலையைச் செய்யும். கால்விரல் இடுக்கிலும் தோல் மடிப்பிலும் மட்டும் கூடாது. அங்கே தேவை உலர்வு. இல்லாவிட்டால் பூஞ்சை குடியேறும்.

தோல் கிழிவது என்றேனே, அது மிகையல்ல. மேல்தோலும் அடித்தோலும் ஒன்றோடொன்று அலையலையாகப் பின்னியிருக்கும். வயதாக ஆக அந்த அலைகள் தட்டையாகின்றன; பிடிமானம் போகிறது. பிளாஸ்திரியை வெடுக்கென்று உரித்தால் தோலும் சேர்ந்து வரும். மணிக்கட்டைப் பற்றித் தூக்கினால் விரல் பட்ட இடத்தில் தோல் சுருண்டு விலகும். தூக்குபவரின் கண்ணாடி வளையல், மோதிரக் கல், கைக்கடிகாரம், நீண்ட நகம் எல்லாமே கத்திதான். கை கழுவுவதற்காக வளையலைக் கழற்றச் சொல்வது நமக்குத் தெரியும். முதியவரின் தோலுக்காகவும் கழற்ற வேண்டும் என்பதைப் பயிற்சியில் தனியாகச் சொன்னால்தான் மனதில் நிற்கும். மணிக்கட்டைப் பிடிக்காமல் முழங்கையையும் முன்கையையும் அடியிலிருந்து உள்ளங்கையால் தாங்குவதை ஒருவர் மேல் ஒருவர் செய்து பார்த்தே பழக வேண்டும். பொம்மை இதற்கு உதவாது.

வாடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயதானவர் அறைக்கென்று ஒரு மணம் உண்டு. அதை அழுக்கின் வாடையாக எடுத்துக்கொண்டு மருமகளைக் குறை சொல்லும் உறவினர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 2001இல் ஜப்பானின் ஷிசெய்டோ நிறுவன ஆய்வாளர்கள் 40 வயதைக் கடந்தவர்களின் உடல் மணத்தில் நோனெனல் என்ற ஒரு பொருளைக் கண்டார்கள். தோலின் கொழுப்பு அமிலங்கள் காற்றோடு சேர்ந்து சிதையும்போது அது உண்டாகிறது. தேய்த்துக் குளிப்பாட்டுவதால் அது உண்டாவது நிற்கப் போவதில்லை. துணியையும் தலையணை உறையையும் மாற்றி, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். ஆனால் திடீரென்று மாறிய வாடை வேறு சங்கதி. இனித்த அழுகல் வாடையோ மீன் வாடையோ வந்தால் புண்ணோ தொற்றோ எங்கோ இருக்கிறது. தேடிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் செவிலியரின் மூக்குதான் முதலில் வேலை தொடங்குகிறது.

சிறுநீர், மலம் என்று வரும்போது வேதியியல் இன்னும் கடுமையாகிறது. சிறுநீரில் யூரியா இருக்கிறது. தோலிலும் மலத்திலும் உள்ள சில பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி அதை அம்மோனியாவாக மாற்றும். அம்மோனியா காரம், அமிலப் போர்வை கலைந்துவிடும். மலத்திலோ, புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் மிச்சமிருக்கும். கார நிலையில் அவற்றின் வேகம் கூடும். ஆக, சிறுநீர் மட்டும் படுவதைவிட இரண்டும் கலந்து படுவது பல மடங்கு மோசம். குடலில் உணவைக் கரைக்க வேண்டியவை தோலைக் கரைக்கத் தொடங்கும். வயிற்றுப்போக்கு உள்ள நாளில் தொடையிடுக்கு சில மணி நேரத்திலேயே வெந்து போவது இதனால்தான்.

எனவே டயப்பரில் சிறுநீர் மட்டும் இருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். மலம் பட்டால் உடனே மாற்ற வேண்டும். செலவைப் பார்த்து ஒரே டயப்பரை இரவு முழுக்க ஓட்டும் வீடுகளில் இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் புண் வராது. பருத்தித் துணி போதும் என்பவர்கள் துணியே கட்டட்டும். நனைந்ததும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைப்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆண்களுக்கான பாடத்தைச் சொல்லத்தான் வகுப்பில் தயங்குகிறார்கள். முன்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, உலர்த்தி, மறக்காமல் பழையபடி முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். பின்னாலேயே விட்டுவிட்டால் வளையம்போல இறுகி வீங்கி, அவசரமாக மருத்துவமனைக்கு ஓட வேண்டி வரும். சிறுநீர் டியூப் போட்டு ஓரிரு மாதம் ஆகிவிட்ட தாத்தாக்களுக்கு இது இன்னும் அவசியம்.

டியூப் என்றதும் யூரின் பை. அது எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவருக்கு இந்த இரண்டையும் எப்படி ஒருசேரச் செய்வது? வார்டில் இந்தக் கேள்வியே எழாது. வீட்டில் ஒரு சுத்தமான தாழ்ந்த டப்பாவுக்குள் பையை வைப்பதுதான் வழி. புரட்டும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்துவிட்டால் பழைய சிறுநீர் உள்ளே திரும்பும். ஒவ்வொரு முறையும் தப்பாமல் யாராவது இதைச் செய்வார்கள். டியூப் நுழையும் இடத்தில் மருந்துத் திரவம் ஊற்றித் தினமும் கழுவுவதால் தனிப்பயன் எதுவும் தெரியவில்லை. சோப்பும் தண்ணீரும் போதும். ஒரு மாதத்துக்கு மேல் டியூப் இருந்தால் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது ஏறக்குறைய உறுதி. கலங்கலைக் கண்டதுமே ஆன்டிபயாட்டிக் வாங்கி ஓடுவது வீண். காய்ச்சல், நடுக்கம், புதிதாகக் குழப்பமான பேச்சு வந்தால்தான் அவசரம்.

இனி, செவிலியர் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்த ‘பேக் கேர்’. முதுகில் ஸ்பிரிட் தடவி, எலும்பு துருத்தும் இடங்களை வட்ட வட்டமாக அழுத்தித் தேய்த்து, பவுடர் போடுவது. இதைச் செய்து காட்டித்தான் பலர் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். இதை நம்புவதற்கான காரணங்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே போய்விட்டன.

தந்துகி எனப்படும் நுண்ணிய ரத்தக் குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு என்பதை 1930இல் யூஜின் லாண்டிஸ் அளந்தார். நகக்கண்ணில் ஊசிபோன்ற கண்ணாடிக் குழாயைச் செலுத்தி அவர் கண்ட அளவு, ரத்தம் நுழையும் முனையில் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக நெடுநேரம் அழுத்தினால் அந்தத் திசுவுக்கு ரத்தம் போகாது என்று அதிலிருந்து கணக்குப் போட்டார்கள். கட்டாந்தரையில் மல்லாந்து படுத்திருப்பவரின் வால் எலும்பின் அடியில் அழுத்தம் அதைத் தாராளமாகத் தாண்டும். நமக்கு வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். பக்கவாதம் வந்தவருக்கு வலி தெரியாது. தெரிந்தாலும் புரள முடியாது. எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் சதை முதலில் சாகிறது. மேல்தோல் நிறம் மாறுவதற்குள் உள்ளே பள்ளம் விழுந்திருக்கும்.

டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர் மூத்தோர் வார்டில் இருந்தவர். 1962இல் அவரும் மெக்லாரன், எக்ஸ்டன்-ஸ்மித் ஆகிய இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அன்றைக்கு முதுகில் பூசப்பட்ட திரவங்களும் களிம்புகளும் படுக்கைப்புண்ணைத் தடுப்பதாகத் தெரியவில்லை. ஒழுங்காகத் திருப்பிப் படுக்க வைத்தவர்களுக்குத்தான் புண் குறைந்தது. உலர்ந்து கிடக்கும் முதிய தோலுக்கு ஸ்பிரிட் இன்னும் வறட்சி தரும். ஏற்கெனவே நசுங்கிய இடத்தை அழுத்தித் தேய்த்தால் மேலும் நசுங்கும். இன்றைய பன்னாட்டு வழிகாட்டுதல்கள் அப்படித் தேய்க்கவே கூடாது என்கின்றன. நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தின் மேல் உட்கார வைப்பதும் அப்படித்தான். ஓட்டையைச் சுற்றிய விளிம்பு ரத்த ஓட்டத்தை நெருக்குகிறது.

அதே ஆய்விலிருந்து வந்ததுதான் நார்ட்டன் மதிப்பீடு. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், கை கால் அசைவு, மலசலக் கட்டுப்பாடு என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. மொத்தம் 20. 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரும் ஆபத்து உண்டு. ஒரு கருவியும் வேண்டாம், பென்சில் போதும். வீடு வீடாகப் போகும் செவிலியருக்கு இதைவிட எளிய ஆயுதம் கிடைக்காது.

பாடநூல்களோடு எனக்கொரு பெரிய மனத்தாங்கல் உண்டு. படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி ‘அழுத்தினால் வெளுக்காத சிவப்பு’ என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. படமும் போட்டிருக்கும், வெள்ளைத் தோலில். நம் தாத்தாவின் கரிய முதுகில் அந்தச் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? அங்கே நிறம் இன்னும் கருக்கும், சில சமயம் நீலமோ ஊதாவோ பாயும். பல சமயம் ஒன்றுமே தெரியாது. கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கும். விரலால் தொட்டால் கட்டியாகவோ சேறுபோல் தொளதொளவென்றோ இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தைவிடப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பார்ப்பது மேல். ‘இங்க தொட்டா வலிக்குதா பாட்டி?’ என்ற கேள்விக்கும் மதிப்பெண் உண்டு. தமிழ்நாட்டில் செவிலியருக்குச் சொல்லித் தரும் முதுகு, தமிழ்நாட்டு முதுகாக இருக்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் உடம்பு துடைத்து விடுவது என்பதே ஒரு பரிசோதனை. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் இடங்கள் சில. துடைப்பவர் தொடாத இடமே கிடையாது. காதுமடலின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பு, கால்விரல் இடுக்கு எல்லாம் அந்த அரைமணி நேரத்தில் கண்ணுக்கும் கைக்கும் வரும். போன முறை எடுக்க முடிந்த கையை இன்று எடுக்க முடியவில்லை, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, தொடையில் கைவிரல் பதிந்த காயம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதும் பாடத்தில் வர வேண்டும். முதியோர் பெரும்பாலும் அடிபடுவது வீட்டுக்குள்தான்.

துடைக்கும் வரிசை எளிது: சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்துக்கு. கண்ணில் தொடங்கி, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறொரு மூலை. கடைசியில் பின்புறம். அதற்குப் பின் அந்தத் தண்ணீரும் துணியும் வேறெங்கும் போகக் கூடாது. பேசினை மறந்துவிடுகிறோம். 2009இல் அமெரிக்காவில் மூன்று மருத்துவமனைகளில் நோயாளிகளைத் துடைக்கப் பயன்பட்ட 92 பேசின்களைச் சோதித்தபோது 98 விழுக்காட்டில் பாக்டீரியா வளர்ந்தது. துடைத்து முடித்ததும் கழுவி, கவிழ்த்து, வெயிலில் உலர வைத்தால் கிருமிகள் பெருக வழியில்லை. வெயிலுக்கு நமக்கென்ன குறை? அதே பேசினில் அரிசி களையாமல் இருக்கவும் வேண்டும். சிறிய வீடுகளில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

எல்லாவற்றையும் செய்துவிட்டு வாயை விட்டுவிடுவார்கள். பல் இல்லாத வாயில் என்ன சுத்தம் என்று தோன்றும். படுத்த படுக்கையாக இருப்பவர் தூக்கத்தில் தன் எச்சிலைத் துளித்துளியாக மூச்சுக்குழாயில் இழுக்கிறார். அந்த எச்சிலில் என்ன கிருமி இருக்கிறதோ அது நுரையீரலுக்குப் போகும். ஜப்பானில் யோனேயாமாவும் கூட்டாளிகளும் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும் பராமரிப்பவர்கள் பல் துலக்கிவிட்டார்கள், மற்றவர்கள் வழக்கம்போல. துலக்கிவிடப்பட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. பல் இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. மருந்து மாத்திரை எதுவும் இல்லை, பிரஷ்தான். 2015இல் வெளிவந்த இன்னொரு ஜப்பானிய ஆய்வில், 85 வயதைத் தாண்டியவர்களில் பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரு மடங்குக்கும் மேல் இருந்தது. இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடச் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் மூன்றையும் ஈரமான மென்மையான பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். தலை சற்று உயர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்திருக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு வாயில் தண்ணீர் ஊற்றினால் காப்பாற்ற வந்ததே கொல்லும்.

மறதிநோய் உள்ளவர்களிடம் இத்தனை அறிவியலும் வாசலிலேயே நின்றுவிடும். யாரோ ஒருவர் வருகிறார், சேலையை உருவுகிறார், தண்ணீரைக் கொட்டுகிறார் என்றுதான் அந்தப் பாட்டிக்குப் படும். கடிப்பதும் அடிப்பதும் அவருக்குத் தற்காப்பு. ஸ்லோனும் அவரது குழுவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 15 இல்லங்களில் 73 பேரிடம் இரண்டு முறைகளைப் பரிசோதித்தார்கள். ஒன்று, அவரவர் விருப்பத்துக்கேற்ப, உடலை மூடியபடியே, பேசிக்கொண்டே குளிப்பாட்டுவது. மற்றது, படுக்கையிலேயே பெரிய வெதுவெதுப்பான துண்டால் போர்த்தி, துண்டுக்கு மேலாகவே நீவித் துடைப்பது. முரட்டுச் செய்கைகள் முதலாவதில் 53 விழுக்காடும், இரண்டாவதில் 60 விழுக்காடும் குறைந்தன. சுத்தமும் குறையவில்லை. ‘பாட்டி, இப்ப வலது கையைத் துடைக்கப் போறேன்’ என்று தொடுவதற்கு முன் சொல்வதும், துடைக்கும் இடத்தை மட்டும் திறந்து மற்றதை மூடி வைப்பதும், தண்ணீரை முகத்தில் தொடங்காமல் பாதத்தில் தொடங்குவதும் இந்த முறைகளின் உயிர்நாடி. கண்ணில் தொடங்க வேண்டும் என்று மேலே சொன்ன விதி இவரிடம் வளையும். முகத்தைத் தனித் துணியால் கடைசியில் துடைத்துக்கொள்ளலாம்.

மாமனாரை மருமகள் எப்படிக் குளிப்பாட்டுவது என்ற கேள்வி பாடநூலில் வராது. வீடு வீடாகப் போகிற செவிலியருக்கு அடிக்கடி வரும். மேல் உடம்பை மருமகளும், இடுப்புக்குக் கீழே மகனும் என்று வீட்டிலேயே பங்கிட்டுக்கொள்ள வைப்பது ஒரு வழி. மகன் வெளியூர் என்றால் பேரன். மாமனாரால் கை அசைக்க முடிந்தால் சோப்புப் போட்ட துணியைக் கையில் கொடுத்துவிட்டு, வேட்டிக்குள்ளேயே அவரைத் துடைத்துக்கொள்ளச் சொல்லித் திரும்பி நிற்கலாம். தன்னால் முடிந்ததைத் தானே செய்பவருக்குக் கை அசைவும் மானமும் மிஞ்சும்.

செவிலியர் வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோதான் வருவார். அவர் சுற்ற வேண்டிய ஒன்றியம் பெரியது. மீதி நாட்களில் எல்லாம் செய்வது மகள், மருமகள், மனைவி. எனவே செவிலியர் உண்மையில் ஆசிரியர். வகுப்பில் அவருக்கு நாம் கற்பிப்பதில் பெரும்பங்கு, இன்னொருவருக்கு எப்படிக் கற்பிப்பது என்பதாக இருக்க வேண்டும். இன்று அப்படி இல்லை. 2008இலேயே நோய் ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை அறிவித்த கேரளத்தில், வீட்டுக்குப் போகும் செவிலியர் குடும்பத்தாரையும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களையும் பழக்குவது வேலையின் பகுதியாகவே வளர்ந்தது. நல்ல செவிலியர் ஒரு கையைத் தான் துடைத்துக் காட்டுவார், மறு கையை மருமகளைத் துடைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்க மாட்டார். ‘நாளைக்கு எப்படிச் செய்வீங்கன்னு செஞ்சு காட்டுங்க’ என்பார். பயிற்சியின் தேர்வும் அப்படித்தான் அமைய வேண்டும். பொம்மையின் முன் நின்று படிகளை ஒப்பிப்பதற்குப் பதில், ஒரு வீட்டுக்கு மாணவியை அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்து அந்த வீட்டுப் பெண் எப்படித் துடைக்கிறார் என்று பார்த்து மாணவிக்கு மதிப்பெண் போடலாம்.

அந்தப் பெண்ணின் முதுகையும் பார்க்க வேண்டும். தாழ்ந்த கட்டிலில் குனிந்து குனிந்து அவருக்கே வட்டு விலகினால் வீட்டில் படுக்கை இரண்டாகும். மரக் கட்டிலாக இருந்தால் நான்கு கால்களுக்கும் அடியில் ஆடாத கட்டைகள் வைத்து இடுப்பளவு உயர்த்தலாம், துடைத்து முடிந்ததும் முதியவர் உருண்டு விழாமல் ஓரத்தில் தடுப்பு வேண்டும். மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோல் பாயில் உராய்ந்து பிய்யும். பழைய வேட்டியை நான்காக மடித்து முதுகிலிருந்து தொடைவரை விரித்து, இருபக்கமும் இருவர் சுருட்டிப் பிடித்துத் தூக்கி வைப்பதே முறை. பிளாஸ்டிக் விரிப்பு அதன் அடியில் இருக்கட்டும், தோலில் நேரடியாகப் படக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதென்றால் இடுப்பெலும்பின் மேல் நேராக அல்ல. முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்வு. கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை இருந்தால் குதிகால் எதிலும் படாமல் மிதக்கும்.

இனி இரவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்பது செவிலியர் உலகின் வேதவாக்கு. மூன்று ஷிப்ட் உள்ள மருத்துவமனையில் நடக்கும். ஒற்றை மருமகள் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழுந்தால் ஒரு மாதத்தில் அவர் விழுந்துவிடுவார். அல்லது குற்ற உணர்ச்சியோடு தூங்கிவிடுவார். 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 27 முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் நடந்த ஆய்வு இதற்கு ஒரு வழி சொல்கிறது. அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்த, புண் வரும் ஆபத்து நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருந்த அவர்களை 2 மணி, 3 மணி, 4 மணி என மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்தார்கள். புண் வந்த அளவில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அமுங்கிப்போன இலவம்பஞ்சு மெத்தைக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஏற்கெனவே புண் உள்ளவருக்கும் பொருந்தாது. ஆனால் நல்ல ஃபோம் மெத்தை ஒன்று வாங்க வழியிருந்து, வால் எலும்பிலும் குதிகாலிலும் தோல் இன்னும் கெடாமல் இருந்தால், செவிலியர் அந்த வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் இரவு 10, 2, காலை 6 என்று எழுதித் தரலாம். முதல் வாரம் காலையில் தோலைத் தொட்டுப் பார்த்து, சூடோ கடினமோ தெரிந்தால் மூன்று மணி நேரமாகக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பேருந்து பிடிக்கலாம்.